அறிவிக்கப்படாத போரும் பணமில்லாத வாழ்வும்

ஓட்டேரி வாசகர் எழுதியது:

சென்னை ஒரு வணிகக் கம்பெனியின் கோட்டையைச் சுற்றி வளர்ந்த நகரம் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, அதன் பொருளை யோசிக்காமலே கடந்துவிடுகிறோம். 1639-இல் இக்கடற்கரையில் இடம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி துணி வாங்கி விற்கத்தான் வந்தது. ஆனால் மதிலும் பீரங்கிகளும் கொண்ட கோட்டையைக் கட்டிக்கொண்டுதான் அந்த வணிகத்தை நடத்தியது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் அக்கோட்டையைப் பிடித்தார்கள். ஐரோப்பாவில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி 1749-இல் அது ஆங்கிலேயரிடம் திரும்பியது. இங்கு வாழ்ந்த நெசவாளரையோ மீனவரையோ எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று வணிகமும் போரும் ஒரே கையில் இருந்தன. அதை மறைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. பீரங்கிகள் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் போர் உண்மையிலேயே முடிந்துவிட்டதா என்பதே நான் இங்கே வைக்கும் கேள்வி.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த தாது வருடப் பஞ்சத்தை எடுத்துக்கொள்வோம். பல லட்சம் பேர் இறந்த அந்த ஆண்டுகளிலும் இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. தானிய வணிகத்தில் தலையிடக் கூடாது என்ற கொள்கையை அரசு விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு ரிச்சர்ட் டெம்பிள் என்ற ஆங்கிலேய அதிகாரி வகுத்த கூலி, நாள் முழுவதும் உழைக்கும் ஓர் ஆணுக்கு ஏறத்தாழ 450 கிராம் தானியமும் ஓர் அணாவும். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதைவிடக் குறைவு. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்படி வெட்டப்பட்டதுதான். இன்று பறக்கும் ரயிலிலிருந்து நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்கும் அந்தக் கால்வாய், பசித்தவர்கள் தோண்டியது. அவர்களை யாரும் சுடவில்லை. தானியம் இருந்தது, அதை வாங்கும் காசு அவர்களிடம் இல்லை, அவ்வளவுதான்.

இது பழங்கதை என்பவர்களுக்கு நம் காலத்திலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். சிறுநீரகம் விற்றவர்கள் ஏராளமாக இருந்ததால் வில்லிவாக்கத்தை ‘கிட்னிவாக்கம்’ என்று ஊரார் அழைத்த காலம் ஒன்று இருந்தது. சென்னையில் அப்படி விற்ற 305 பேரை 2001-இல் சந்தித்து நடத்திய ஆய்வு, மறு ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. அவர்களில் நூற்றுக்கு 96 பேர் கடனை அடைப்பதற்காக விற்றவர்கள். பத்தில் ஏழு பேர் பெண்கள். சராசரியாகக் கைக்கு வந்தது 1,070 டாலர். கடனுக்காக விற்றவர்களில் நால்வரில் மூவர் ஆய்வு நடந்தபோதும் கடனாளிகளாகவே இருந்தார்கள். குடும்ப வருமானமோ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. போரில் தோற்றவர் உடலைக் கொடுத்து உயிரைக் காத்துக்கொள்வார். கடனில் தோற்ற இந்தப் பெண்கள் செய்ததும் அதுவேதான். இதைச் சுதந்திரமான இருவருக்கிடையே நடந்த விற்பனை என்று ஏட்டில் எழுதி வைத்தோம்.

ஆகவேதான் கேட்கிறேன்: பணம் இல்லாத வாழ்வு ஒன்றை நாம் எண்ணிப் பார்க்க முடியுமா? முடியும் என்றால், எதிலிருந்து தொடங்குவது?

கீழத்தஞ்சையான் எழுதியது:

ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் பணமில்லாத வாழ்வை எண்ணிப் பார்க்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. என் தாத்தா அதை வாழ்ந்து முடித்தவர். அவர் பண்ணையாள். கூலி நெல்லாக வந்தது, துணி ஆண்டைக்கு மனம் வந்தால் வந்தது. ஊரில் வண்ணாருக்கும் நாவிதருக்கும் வெட்டியானுக்கும் அறுவடையில் களத்துமேட்டில் நெல் அளந்தார்கள். காசு கைமாறாத அந்த ஏற்பாட்டைச் சிலர் இன்று ‘ஒருவருக்கொருவர் உதவிய கிராம வாழ்வு’ என்று உருகி எழுதுகிறார்கள். யார் எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பதைப் பிறப்பே முடிவு செய்ததால்தான் அங்கே விலை பேச வேண்டியிருக்கவில்லை.

தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல் வந்தது. அதற்குப் பிறகும் என்ன நடந்தது என்பதைக் கீழ்வெண்மணி சொல்லும். அங்கே விவசாயக் கூலிகள் கேட்டது அரைப்படி நெல் கூடுதல் கூலி. கூடவே, சங்கத்தை விட்டு விலகவும் மறுத்தார்கள். 1968 டிசம்பர் 25 இரவில் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் என 44 பேரை நிலக்கிழார்களின் ஆட்கள் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அந்தக் கொடுமையில் பங்குச்சந்தையும் இல்லை, வங்கியும் இல்லை. நிலமும் சாதியும் நெல்லும்தான் இருந்தன.

நெல்லை மூட்டையாகக் கட்டிக்கொண்டு யாரும் ஆண்டையை விட்டு ஓட முடியாது. ரூபாயை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு இரவோடு இரவாக எழும்பூருக்கு ரயில் ஏறலாம். என் அப்பா அப்படித்தான் ஏறினார். பயணச்சீட்டுக் கொடுத்தவர் எந்தத் தெரு என்று அவரைக் கேட்கவில்லை. பணம் எங்களுக்குச் செய்த நன்மை இது. இதைப் பறித்துவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பீர்கள் என்று சொல்லாமல் பணத்தை ஒழிக்கக் கேட்டால், எங்களைப் போன்றவர்கள் பயப்படத்தான் செய்வோம். அந்தப் பணம் எல்லாக் கதவையும் திறந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். முன்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேளச்சேரியில் வாடகை வீடு தேடியபோது, ‘நீங்க எந்த ஊரு, என்ன ஆளுங்க’ என்ற கேள்வியோடு மூடிய கதவுகளை நான் மறக்கவில்லை.

தரமணி மாணவி எழுதியது:

கீழத்தஞ்சையான் ஐயா சொன்னதைப் பொருளியல் மாணவி என்ற முறையில் இன்னும் சற்று நீட்டிப் பார்க்கிறேன். பணத்தை ஒழித்த அரசுகள் வரலாற்றில் உண்டு. கம்போடியாவில் 1975-இல் ஆட்சியைப் பிடித்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கம் பணத்தை அடியோடு ரத்து செய்தது, தலைநகரில் இருந்த மைய வங்கிக் கட்டடத்தையும் வெடி வைத்துத் தகர்த்தது. நகரங்களைக் காலி செய்து எல்லாரையும் வயலுக்கு விரட்டியது. 1980-இல் அந்நாட்டு நாணயமான ரியால் திரும்பி வருவதற்குள் அங்கே மாண்டவர்கள் பல லட்சம். விலை என்ற மறைமுகக் கட்டளை போன இடத்தில் துப்பாக்கி என்ற நேரடிக் கட்டளை வந்து உட்கார்ந்துகொண்டது. இன்னொரு முனையில், புதுச்சேரிக்கு அருகே 1968-இல் தொடங்கிய ஆரோவில் உள்ளே பணப் பரிமாற்றம் இருக்கக் கூடாது என்ற கனவோடு எழுந்தது; இன்றும் கணக்கு எழுதியும் வெளியுலகப் பொருளாதாரத்தைச் சார்ந்துமே இயங்குகிறது. முயற்சியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு சிற்றூர் அளவில்கூட எவ்வளவு கடினம் என்பதை மட்டும் சுட்டுகிறேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நடுவில் திட்டமிடும் குழு ஒன்று எதற்கு எவ்வளவு பொருளை ஒதுக்குவது என்று விலை இல்லாமல் கணக்கிடவே முடியாது என்று 1920-இல் பொருளியலாளர் லுட்விக் ஃபான் மீசஸ் வாதிட்டார். ஆயிரக்கணக்கானவர்களிடம் சிதறிக் கிடக்கும் செய்தியை விலைதான் சுமந்து செல்கிறது என்று 1945-இல் இன்னொரு பொருளியலாளர் ஹாயெக் எழுதினார். கோயம்பேடு காய்கறிச் சந்தையில் நள்ளிரவில் நின்று பார்த்தால் இந்த வாதத்தின் வலிமை தெரியும். ஆந்திரத்துத் தக்காளியும் நாசிக் வெங்காயமும் எத்தனை லாரி வர வேண்டும் என்று எந்த அதிகாரியும் உத்தரவு போடுவதில்லை, ஆனாலும் காலையில் நகரம் சாம்பார் வைக்கிறது.

ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் குழப்பிக்கொள்ளக் கூடாது. சந்தை வேறு, முதலாளித்துவம் வேறு. தக்காளி விற்றுப் புளி வாங்குவதற்குப் பணம் வெறும் வழி. பணம் பெருக வேண்டும் என்பதே நோக்கமாகி, உழைப்பும் நிலமும் நீரும் அதற்குத் தீனியாகும்போதுதான் ஓட்டேரி வாசகர் சொல்லும் போர் தொடங்குகிறது. அதே கோயம்பேட்டில் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் தண்டல்காரரிடம் பத்தாயிரம் என்று எழுதிக் கொடுத்து ஒன்பதாயிரத்தைக் கையில் வாங்கி, நாளுக்கு நூறு வீதம் கட்டுகிறார். மழை பெய்து வியாபாரம் இல்லாத நாளிலும் அந்த நூறு வந்தாக வேண்டும். கந்துவட்டிக்கு எதிராக 2003-இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது, தண்டல் நிற்கவில்லை. விலை அவருக்குச் செய்தி சொல்கிறது என்பது உண்மை. அவரை மிரட்டுவது விலை அன்று, கடன்.

அண்ணாநகர் வணிகர் எழுதியது:

நான் கடை வைத்திருப்பவன், என்னைப் போர்வீரன் ஆக்கிவிட்டீர்கள். காலையில் ஐந்து மணிக்குக் கடை திறக்கிறேன் என்றால் பணம் கிடைக்கும் என்பதால்தான். பணம் இல்லையென்றால் யார் எழுந்திருப்பார்கள்? 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்தபோது என்ன ஆயிற்று என்பதையும் நினைத்துப் பாருங்கள். பழக்கமான மொத்த வியாபாரிகள் எனக்குக் கடனுக்குச் சரக்குத் தந்தார்கள், நானும் பழக்கமான வீடுகளுக்குக் கடனுக்குக் கொடுத்தேன். பீகாரிலிருந்து கட்டட வேலைக்கு வந்திருந்த இளைஞர்களை யாருக்கும் தெரியாது, ஆகவே அவர்களுக்கு யாரும் கடன் தரவில்லை. அறிமுகமே இல்லாதவரும் அரிசி வாங்கலாம் என்பதுதான் பணத்தின் பயன். நீங்கள் கேட்கும் உலகில் அந்த இளைஞனுக்கு யார் சோறு போடுவார்கள்?

காசிமேட்டுப் பங்காளி எழுதியது:

வணிகர் ஐயாவின் கடைசிக் கேள்விக்கு 2015 டிசம்பர் வெள்ளமே பதில் சொல்லும் என்று நினைக்கிறேன். வேளச்சேரியும் முடிச்சூரும் மூழ்கியபோது எங்கள் மீனவக் குப்பங்களிலிருந்து படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். ஏறியவர்கள் யாரிடமும் முகவரி கேட்கவில்லை, கூலி கேட்கவில்லை. பணம் வைத்திருந்தவர்களுக்கும் அந்த நாட்களில் அது உதவவில்லை, ஏ.டி.எம். வேலை செய்யவில்லை, கடைகள் மூடிக் கிடந்தன. பால் பாக்கெட்டைப் பல மடங்கு விலைக்கு விற்றவர்களும் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பள்ளிகளிலும் மண்டபங்களிலும் பொங்கிய சோறு விலைக்கு விற்ற பாலைவிடப் பல மடங்கு அதிகம்.

வெள்ளம் வடிந்ததும் எல்லாரும் பழைய வாழ்வுக்குத் திரும்பினோம் என்பீர்கள். ஆமாம், திரும்பினோம். அதனால்தான் நெருக்கடியில் வரும் கருணையை நம்பித் திட்டம் போடாதீர்கள் என்கிறேன். அன்றாடம் நடக்கும் பங்கீட்டைப் பாருங்கள். எங்கள் படகுகளில் மாதச் சம்பளம் இல்லை. பிடித்த மீன் விற்ற தொகையில் செலவு போக மீதியைப் பங்கு வைக்கிறோம். படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆட்களுக்கு ஆள் பங்கு. மீன் படாத நாளின் நட்டமும் எல்லாருக்கும் பொது. இது தானமில்லை, கறாரான கணக்கு. டீசலுக்கும் ஐஸுக்கும் முன்கூட்டியே ரொக்கம் தேவைப்பட்டதும்தான் இந்தக் கணக்கு கெட்டது. கடன் கொடுத்த ஏலக்காரர் சொல்லும் விலைக்கு மீனைத் தர வேண்டியதாயிற்று. ஆக, பங்கீட்டைக் கெடுத்தது மனிதர்களின் பேராசை என்பதைவிட, கடலுக்குப் போவதற்கு முன்பே கழுத்தில் விழும் கடன் என்பதே என் அனுபவம்.

மொய் விருந்து வைத்துப் பார்த்தவர்களுக்கு அன்பளிப்பும் கடனாகும் என்பது தெரியும். நோட்டில் எழுதுகிறோம், திருப்பிச் செய்யாதவரைச் சபையில் கேட்கிறோம். பணத்தை எடுத்துவிட்டால் எல்லாரும் அன்பால் மட்டுமே இயங்குவார்கள் என்று நான் நம்பவில்லை.

ராயபுரம் செவிலி எழுதியது:

சிறுநீரகத்தைப் பற்றிப் பேசியவர்கள் அடுத்து நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். 1994-இல் உறுப்பு விற்பனையைத் தடை செய்யும் சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் கள்ள விற்பனை நடந்தது. சுனாமிக்குப் பின் எண்ணூர்ப் பக்கத்து மறுவாழ்வுக் குடியிருப்பில் மீனவப் பெண்கள் சிறுநீரகம் விற்ற செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. ஆனால் 2008 முதல் தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பதிவேட்டின்படி பகிரும் முறை வந்தது. யாருக்குத் தருவது என்பதை இரத்த வகையும் காத்திருப்பு வரிசையும் நோயின் அவசரமும் முடிவு செய்கின்றன. சிகிச்சைக்குச் செலவு இருக்கிறது. உறுப்புக்கு விலை இல்லை. இரத்தமும் அப்படித்தான். மருத்துவமனை வாசலில் காசுக்கு இரத்தம் கொடுக்க ஆட்கள் நின்ற காலத்தை மூத்த செவிலியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பால் 1998 தொடக்கத்திலிருந்து அது நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. இரத்தம் தீர்ந்துபோகும் என்று அஞ்சினார்கள். முகாம்களுக்கு மக்கள் வந்தார்கள்.

இதை உள்ளிருந்து பார்த்தவள் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஒரு பொருளை விலையிலிருந்து விடுவிப்பதற்கு நல்ல மனம் மட்டும் போதாது. இரவு இரண்டு மணிக்கு ஒருங்கிணைப்பாளர் அடுக்கடுக்காகத் தொலைபேசியில் பேச வேண்டும், பதிவேடு பொய் சொல்லக் கூடாது, செல்வாக்குள்ளவர் வரிசையில் முந்தினால் கேள்வி கேட்கும் வழி இருக்க வேண்டும். பணமில்லாத வாழ்வு என்பது வேலை குறைந்த வாழ்வு என்று யாராவது நினைத்தால், அவர் ஓர் இரவு எங்களோடு பணி செய்து பார்க்கலாம்.

ஓட்டேரி வாசகர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அண்ணாநகர் வணிகரின் ‘யார் எழுந்திருப்பார்கள்’ என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்நகரில் ஐந்து மணிக்கு முன்பே எழுபவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டுப் பெண்கள். அவர்களுக்கு யாரும் கூலி தருவதில்லை. ஒரு காலத்தில் நம் ஏழுகிணற்றில் வாழ்ந்த வள்ளலார் 1867-இல் வடலூரில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அங்கே உண்பவரிடம் காசு கேட்பதும் இல்லை, சாதி கேட்பதும் இல்லை. நீங்கள் சொன்ன அந்தப் பீகார் இளைஞனுக்கு அங்கே சோறு உண்டு. பணத்துக்காகவே மனிதன் உழைக்கிறான் என்ற வாதம் எங்கே உடைகிறது என்றால், மிகக் கடினமான வேலைக்கு மிகக் குறைந்த கூலி கிடைக்கும் இடத்தில். 2025 ஆகஸ்டில் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் இரவும் பகலும் அமர்ந்திருந்ததைக் கண்டோம். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் பணி தனியாரிடம் போவதை எதிர்த்தார்கள். பதின்மூன்றாம் நாள் நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. உழைப்பின் கடுமைக்கு ஏற்பப் பணம் தரப்படுகிறது என்றால், இந்நகரின் பெரும் செல்வந்தர்கள் அவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

கீழத்தஞ்சையான் ஐயாவின் அச்சம்தான் இவ்விழையின் மையமான கேள்வி. நான் வேண்டுவது களத்துமேட்டு நெல்லுக்குத் திரும்புவதை அன்று. அங்கே உணவு ஆண்டையின் கையில் இருந்தது, இங்கே முதலாளியின் கையில் இருக்கிறது. இரண்டிலும் ‘வேண்டாம், போகிறேன்’ என்று சொல்பவர் பட்டினி கிடக்க வேண்டும் என்பதே அதிகாரத்தின் வேர். அந்த மிரட்டலை எடுத்துவிட்டால் பணம் வெறும் வழியாகச் சுருங்கும். மாணவி சொன்ன தக்காளிச் சந்தை தாராளமாக இருக்கட்டும்.

இதை நாம் ஓரளவு செய்தும் காட்டியிருக்கிறோம். 1920-இல் ஆயிரம்விளக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, காமராசர் காலத்தில் மாநிலம் முழுவதும் பரவி, 1982-இல் சத்துணவாக விரிந்து, 2022-இல் காலை உணவாகவும் ஆயிற்று. 2011 முதல் அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை விலையில்லா அரிசி. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். இவற்றை இலவசம் என்று ஏளனம் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். வீட்டில் அரிசி இருக்கிறது என்ற துணிவில்தான் வீட்டுவேலை செய்யும் அக்கா ஒருவர் தன்னைக் கேவலமாக நடத்திய வீட்டிலிருந்து நின்றுகொள்ள முடிந்தது; இதை என் தெருவிலேயே கண்டேன்.

கீழத்தஞ்சையான் எழுதியது:

இப்படிச் சொன்னால் என்னால் உங்களோடு சற்றுத் தூரம் நடக்க முடியும். ஆனால் இரண்டு நிபந்தனைகள். முதலாவது, சாக்கடையை யார் இறங்கி அள்ளுவது என்ற கேள்விக்கு ‘வழக்கமாகச் செய்பவர்கள்’ என்பது பதிலாகக் கூடாது. மனிதர் மலக்குழியில் இறங்குவதை 2013-இன் சட்டம் தடை செய்த பிறகும் நம் மாநிலத்தில் சாவுகள் தொடர்கின்றன; இறப்பவர்கள் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். இயந்திரம் செய்ய முடியாத அழுக்கு வேலை எது மீந்தாலும், அது முறை வைத்து எல்லா வீட்டுக்கும் வர வேண்டும், மாடி வீட்டுக்கும் சேர்த்து.

இரண்டாவது, கொடுப்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் கூடவே வர வேண்டும். கூவக் கரையில் குடிசைகளை இடித்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு ஒதுக்கினார்கள். வீடு கிடைத்தது, வேலையும் பள்ளியும் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டன. விலையில்லாமல் வீடு கொடுப்பதும் ஒருவரை நகரை விட்டு அகற்றும் வழியாகலாம்.

தரமணி மாணவி எழுதியது:

அப்படியானால் அடுத்தது தண்ணீராக இருக்கட்டும். 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை நாம் பார்த்தோம். அந்தக் கோடையில் காசு உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகள் தனியார் லாரியை வரவழைத்தன. லாரி நிரம்பியது புறநகர் விவசாயக் கிணறுகளிலிருந்து. அடுத்த தெருவில் பெண்கள் பிளாஸ்டிக் குடங்களோடு பாதி இரவு விழித்திருந்தார்கள். விலை அங்கே செய்தியைச் சரியாகத்தான் சொன்னது: யாரிடம் பணம் இருக்கிறது என்ற செய்தியை. ஒவ்வோர் ஆளுக்கும் நாளொன்றுக்கு இத்தனை லிட்டர் என்று விலையில்லாமல் உறுதி செய்துவிட்டு, அதற்கு மேல் புல்தரைக்கும் கார் கழுவவும் செலவாகும் நீருக்கு ஏறிக்கொண்டே போகும் கட்டணம் வைக்கலாம். செவிலி அம்மா சொன்ன பதிவேடு இங்கும் வேண்டும். எந்த லாரி எந்தத் தெருவுக்கு எப்போது வந்தது என்பதை வார்டு மக்கள் பார்க்கும்படி வெளியில் எழுதி வைக்க வேண்டும்.

காசிமேட்டுப் பங்காளி எழுதியது:

அந்தப் பதிவேட்டை வைத்திருப்பது யார் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். குடம் தூக்கும் பெண்கள் வைத்திருந்தால் நான் ஒத்துக்கொள்கிறேன். கவுன்சிலரின் ஆள் வைத்திருந்தால் மீண்டும் ஏலக்காரர் கதைதான்.